ஞாயிற்றுக்கிழமை அக்கா

என்னோடு பள்ளியில் படித்த உங்களில் பாதிப் பேர் இப்போது தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்திருப்பீர்கள். நானும்தான். ஆனால் நம் ஊர் நகராட்சிப் பூங்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோருக்கும் ரெட்டைச் சடையும் ரிப்பனும் முளைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். தும்பிக்கை உடைந்து உள்ளே கம்பி தெரிய நின்ற சிமெண்டு யானை. மத்தியான நேரத்தில் யாரும் உட்கார முடியாதபடி காய்ந்து கிடக்கும் சறுக்குப் பலகை. பாடுவதை நிறுத்திப் பல வருஷமாகியும் இடிக்காமல் விட்டிருந்த வானொலிக் கூண்டு. அதை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம். மாலையானால் இலைகளை மடக்கிக்கொண்டு, பஞ்சு மாதிரி இளஞ்சிவப்புப் பூவை உதிர்க்கும். பள்ளி விட்டு பஸ் வரும்வரை நாம் அந்தப் பூவைப் பொறுக்கிக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு திரிந்தோம்.

ஒரு கோடை விடுமுறையில் நானும் இன்னொரு பெண்ணும் அந்தப் பூங்காவில் புதர் புதராகக் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்ததை உங்களில் சிலர் பார்த்திருக்கிறீர்கள். பள்ளி திறந்ததும் கேட்டீர்கள். அப்போது எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியுமா என்பது சந்தேகம்தான். சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தப் பெண் என் மாமா மகள். என்னைவிட ஒரு வயது மூத்தவள் என்பதால் எனக்கு மதினி. அவள் வந்தது, நமக்கு ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மே மாதத்தில். அதற்கு ஒரு வருஷம் முன்னால் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கனடாவில் இறந்துபோயிருந்தார். வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி. நாற்பது வயது. காரியமெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. எங்களுக்கு வந்தது ஒரு போன் மட்டும்தான். பேசி முடித்த பிறகும் அம்மா ரிசீவரைக் கீழே வைக்காமல் காதிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். முகத்தைப் பார்க்காமல் தம்பியை வழியனுப்பியது அவளுக்கு ஆறவே இல்லை. முதல் வருஷத் திவசத்தையாவது ஊரில்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். அதற்காகத்தான் மாமாவின் மனைவியும் மகளும் வந்தார்கள்.

திவசம் முடிந்ததும் மாமாவின் மனைவி சென்னையில் இருக்கிற தன் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டார். மதினி கிளம்பவில்லை. விமானம் ஏறும் நாள்வரை புதுக்கோட்டையிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். கத்திரி வெயிலில், மின்விசிறிகூட அனல் காற்றைத் தள்ளுகிற எங்கள் வீட்டில், இந்தப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை.

மதினியின் தமிழைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அவளுடைய அம்மா அந்த நாட்டிலேயே வளர்ந்தவர், வீட்டில் ஆங்கிலம்தான். ஆகவே மதினிக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது மாமா ஒருவர் மட்டுமே. மாமா இலுப்பூரில் பிறந்து, சின்ன வயதிலேயே ஊரைவிட்டுப் போனவர். அவர் கிளம்பும்போது கையோடு எடுத்துப்போன தமிழை அப்படியே மகளிடம் இறக்கி வைத்திருந்தார். முழங்கால்வரை கால்சட்டை, காதில் பாட்டுக் கருவி, பல்லில் கம்பி. அந்த வாயைத் திறந்தால், "எனக்கு அங்கிட்டு ஒரு சோலி இருக்கு, ஒங்களால கூட வர ஏலுமா?" என்று கேட்பாள். எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்ற வந்தவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் பால் கீழே சிந்தியது. நமக்கெல்லாம் டவுன் பேச்சு வந்து, சோலி, ஏலுமா எல்லாம் வாயிலிருந்து போய்ப் பல வருஷம் ஆகியிருந்த சமயம் அது.

எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர. மதினி பேச ஆரம்பித்தால் அம்மா ஏதாவது வேலையைச் சாக்கு வைத்து எழுந்து போய்விடுவாள். கூடத்தில் மதினி பேசிக்கொண்டிருந்தால் கொல்லையில் துணி அலசும் சத்தம் கேட்கும். சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைப்பாள்; அவள் "அத்தை" என்று ஏதோ சொல்லத் தொடங்குவதற்குள் அடுப்படிக்குத் திரும்பியிருப்பாள். இன்னொன்றும் இருந்தது. திவசத்தன்று மாலை போட்ட படத்துக்கு முன்னால் எல்லோரும் அழுதபோது மதினி அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "பெத்த அப்பன். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுச்சா பாத்தீங்களா?"

மதினியின் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். அத்தைக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவளிடம் ஒரு மஞ்சள் நிறக் கருவி இருந்தது. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, சின்னத் திரை, பக்கவாட்டில் ரப்பர் பொத்தான்கள். இன்றைக்கு எல்லார் கையிலும் இருக்கிற போன் நாம் நிற்கிற இடத்தைத் தெருவோடு சொல்லிவிடுகிறது. அன்றைக்கு அது பெரிய மாயம். மொட்டை மாடியில் போய் அதை வானத்துக்குக் காட்டிக்கொண்டு பொறுமையாக நிற்க வேண்டும். மேலே சுற்றுகிற சாட்டிலைட்டுகள் ஒன்று இரண்டாக வந்து சேர்ந்ததும், பூமியில் நாம் இருக்கிற இடத்தை எண்களாகக் காட்டும். அதில் கிரிக்கெட் மேட்ச் தெரியுமா என்று அப்பா கேட்டார். தெரியாது என்றதும் பத்திரிகையை விரித்துக்கொண்டார்.

அது மாமாவுடைய கருவி. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகளும் அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள்ளும் பூங்காக்களிலும் சுற்றுவார்களாம். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் எண்களை இன்டர்நெட்டில் போட்டுவிடுவார். வேறு யாரோ எண்களைப் பிடித்துக்கொண்டு தேடி வந்து, டப்பாவைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற தாளில் பேரை எழுதுவார். வேண்டுமானால் ஒரு சாமானை எடுத்துக்கொண்டு தன்னுடைய சாமான் ஒன்றைப் போடலாம். டப்பாவை மட்டும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பரிசு எதுவும் கிடையாது என்றதும் எனக்குச் சப்பென்று போய்விட்டது.

"அப்பா இங்கிட்டு ஒண்ணு வச்சிருக்காங்க" என்றாள் மதினி. "இந்த ஊர்ல. கடேசியா வந்தப்ப."

அதற்காகத்தான் அவள் தங்கியிருந்தாள்.

மறுநாள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனோம். நினைவிருக்கிறதா, பிளைவுட் தடுப்புகளும் ஏசிக் குளிரும் ரூம் ஸ்பிரே வாசனையும்? பெண் பிள்ளைகள் போனால் அங்கே இருந்த அண்ணன் திரைச்சீலையைத் திறந்தே வைக்கச் சொல்வார். அந்த விளையாட்டின் வெப்சைட் துண்டு துண்டாக மெதுவாக இறங்கி ஒருவழியாக வந்தது. மாமா போட்டிருந்த பக்கத்தில் எண்கள் இருந்தன, பூங்காவைப் பற்றி இரண்டு வரி இருந்தது. கண்டுபிடித்தவர்கள் எழுதும் இடம் காலியாகக் கிடந்தது. யாரும் தேடியே வரவில்லை. நம் ஊரில் அந்தக் கருவி வைத்திருந்தவர் யார்?

கீழே ஒரு துப்பு இருந்தது. தேடுபவர் சிரமப்பட்டால் மட்டும் படிக்கட்டும் என்று ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி எழுதுவது அந்த விளையாட்டில் வழக்கம். மதினி பேனாவால் உள்ளங்கையிலேயே எழுதி எழுதிப் பிரித்தாள். ஆங்கில எழுத்தில் இரண்டு தமிழ்ச் சொல்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா என்றால் அம்மாவாக இருக்குமோ என்று நான் சந்தேகப்பட்டேன். ஆனால் அம்மாவிடம் போய்க் கேட்க இருவருக்குமே தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் தேடினால் கிடைக்கும் என்று அர்த்தமோ என்னவோ என்று எங்களுக்கு நாங்களே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டோம்.

அம்மாவிடம் கேட்க முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. மாமா கடைசியாக வந்தது, இறப்பதற்கு முந்தைய வருஷம். நிலத்துப் பத்திர வேலையாகத் தனியாக வந்து எங்கள் வீட்டில் தங்கினார். தம்பி வந்துவிட்டான் என்று அம்மா நாட்டுக்கோழி அடிப்பாள், முட்டை மாஸ் கிண்டுவாள். மாமா சாயங்காலமானால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே என்றால் பூங்கா. இருட்டிய பிறகு முழங்கையில் முள் கீறல்களோடு திரும்புவார். ஒருநாள், "அக்கா, பார்க்கு வரைக்கும் ஒரு நட வாறியா?" என்று கூப்பிட்டார். அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, தனக்கு வேலை கிடக்கிறது என்றாள். அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாளும் அதே கதை. சோறு ஆறிப்போய்க் கிடந்தது. வாசலில் அவரைக் கண்டதும் அம்மா, "வீட்ல இருக்கப் புடிக்கலேன்னா லாட்ஜுலயே தங்கியிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டாள். மாமா சிரித்துக்கொண்டே கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவர்கள் இருவரும் நேரில் பேசிக்கொண்டது அநேகமாக அதுதான் கடைசி.

பூங்கா என்ற சொல்லே அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆகாத சொல்லாகிவிட்டது. மதினி அங்கே போக வேண்டும் என்று கேட்டபோது அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். பையன்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கிற இடம், இந்த உடுப்போடு போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றாள். நாங்கள் நூலகம் போகிறோம், தையல் கடைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனோம்.

கருவி எங்களை வானொலிக் கூண்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. அதற்கு மேல் அதற்கும் தெரியவில்லை. தூங்குமூஞ்சி மரத்தின் நிழலுக்குள் போனாலே சாட்டிலைட்டுகள் நழுவிப்போயின. அம்புக்குறி ஒருமுறை யானையைக் காட்டும், ஒருமுறை மதிலைக் காட்டும். யானையின் வயிற்றுக்கடியில் படுத்துப் பார்த்தோம். மரத்தின் வேரிடுக்கில் குச்சியை விட்டுக் கிளறினோம். கட்டெறும்பு கடித்து என் விரல் வீங்கியது. கூண்டின் பின்பக்கம் முழுவதும் காகிதப்பூ புதர் மண்டி மதிலோடு சேர்ந்துபோயிருந்தது. அந்த முள்ளுக்குள் யார் போய் வைப்பார்கள் என்று விட்டுவிட்டோம். எனக்கு அலுத்துவிடும். மதினிக்கு அலுக்கவே அலுக்காது. மண்ணில் மண்டி போட்டு, ஒவ்வொரு கல்லாகப் புரட்டி, பார்த்ததும் அதே மாதிரி திருப்பி வைப்பாள். அவள் கழுத்தில் வேர்க்குரு சிவந்து கிடக்கும். அந்த நேரங்களில் அவள் பேசவே மாட்டாள்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு வீடு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படித் தரையில் முந்தானையை விரித்துப் படுத்திருந்தாள். நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினோம். தெருவில் நாய்கூட இல்லை. தார் உருகி ஒட்டியது.

பூங்காவில் வெயில் சாய்கிறவரை தேடினோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எந்த டப்பாவும் தானாக வெளியே வந்து நிற்கவில்லை. இன்னும் மூன்று நாளில் மதினி சென்னைக்குப் போக வேண்டும். அவள் கூண்டின் அடிச்சுவரை ஒட்டி ஒரு கரண்டியால் தோண்ட ஆரம்பித்தாள். அப்போதுதான் வாட்ச்மேன் வந்தார்.

எங்களை அவர் பல நாளாகவே கவனித்திருக்கிறார். மஞ்சள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதும், மரத்தடியில் கிளறுவதும், எதையோ கையில் எழுதிக்கொள்வதும் அவருக்கு நல்லதாகப் படவில்லை. கருவியைப் பிடுங்கித் தன் காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யார் வீட்டுப் பிள்ளைகள், எதைப் புதைக்கிறீர்கள், எவன் அனுப்பினான் என்று கேள்வி மேல் கேள்வி. போலீஸுக்குச் சொல்லப்போகிறேன் என்றதும் அவர் கேட்காமலேயே நான் வீட்டு போன் நம்பரைச் சொல்லிவிட்டேன். எதிர்த்த கடையிலிருந்து போன் போட்டார்.

அம்மா வந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மஞ்சள்கறை பட்ட வீட்டுப் புடவை, அவிழ்ந்த கொண்டை, ஒரு காலில் அப்பாவின் செருப்பு. வந்த வேகத்தில் என் முதுகில் ஒன்று வைத்தாள். விருந்துக்கு வந்த பிள்ளையை அடிக்க முடியாதல்லவா, அதற்கும் சேர்த்து இன்னொன்று வைத்தாள். பிறகு மதினியின் பக்கம் திரும்பி, அப்பன் செத்து வருஷம் திரும்பியிருக்கிற நேரத்தில் இங்கே என்ன விளையாட்டு வேண்டிக் கிடக்கிறது என்று கேட்டாள்.

மதினி கையைத் துடைத்துக்கொண்டாள். குரல் உயரவில்லை.

"அத்தை, அப்பா இங்கிட்டுத்தான் ஒரு டப்பா வச்சிருக்காங்க. அவங்க கையால வச்சது. எனக்கு அதப் பாக்கணும்."

அம்மா நின்றுவிட்டாள். என்ன டப்பா, எப்போது வைத்தான் என்று அவள் கேட்க, மதினி விளையாட்டையெல்லாம் விளக்காமல், சாயங்காலம் சாயங்காலம் மாமா இங்கே வந்தது அதற்கு இடம் பார்க்கத்தான் என்று மட்டும் சொன்னாள். பிறகு, பூங்காவுக்கு வரும்போதெல்லாம் துப்பைத் திரும்ப எழுதிக்கொள்கிற உள்ளங்கையை நீட்டினாள். வியர்வையில் மங்கிப்போயிருந்த எழுத்துகளை அவளே படித்துக்காட்டினாள். "ஞாயித்துக்கெழம அக்கா. அப்புடின்னா என்ன அத்தை?"

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். முதலில் அதில் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு அவள் எங்கள் இருவரையும் விட்டுவிட்டுக் கூண்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தாள். காகிதப்பூ புதருக்கு முன்னால் நின்று, "இதுக்குள்ள ஒரு படி இருக்கணுமே" என்றாள்.

இருக்கிறது என்றார் வாட்ச்மேன். வானொலி போட ஆப்பரேட்டர் ஏறிப்போன பழைய படி. புதர் மூடிப் பல வருஷம் ஆகிறதாம். அம்மா முள்ளைப் பார்க்காமல் கையை விட்டு விலக்கத் தொடங்கியதும் அவர் பதறிப்போய், இருங்கம்மா என்று சொல்லி அரிவாளை எடுத்து வந்து கிளைகளை வெட்டிக்கொடுத்தார்.

அந்தப் படியைப் பற்றி அம்மா அப்புறம் சொன்னாள். அவர்கள் தாயில்லாப் பிள்ளைகள். தம்பி ஆறாம் வகுப்புக்கு இந்த ஊர் ஹாஸ்டலில் சேர்ந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாயங்காலம் ஒரு மணி நேரம் வெளியே விடுவார்களாம். அம்மா விடியலிலேயே சமைத்து, கேரியரில் போட்டு, இலுப்பூரிலிருந்து பஸ் ஏறி வருவாள். ஹாஸ்டல் வாசலில் வயசுப் பெண் நிற்க முடியாது. பூங்காவில், இந்தப் படியில் உட்கார்ந்தால் மதில் இடைவெளி வழியாக ஹாஸ்டல் கேட் தெரியும். யார் கண்ணிலும் படாது. வானொலியில் பாட்டுப் போய்க்கொண்டிருக்கும். அவன் பந்து விளையாடிவிட்டுத் தாமதமாகத்தான் வருவான். வருகிறவரை அவளும் சாப்பிட மாட்டாள்.

படி செம்பூராங்கல்லால் கட்டியது. மேல்படிக்கு அடியில் ஒரு கல் மட்டும் காரை இல்லாமல் சும்மா செருகியிருந்தது. மதினிதான் அதைக் கண்டுபிடித்தாள். இழுத்ததும் உள்ளே கறுப்பு பாலிதீனில் சுற்றிய பிளாஸ்டிக் டப்பா.

திறப்பதற்கு முன்னால் அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மூடியை எடுத்தாள். ஒரு சின்ன பொம்மைக் கார், இரண்டு கோலிக்குண்டு, கனடாக் கொடியின் இலைச் சின்னம் போட்ட ஒரு சட்டைப் பின், கட்டைப் பென்சில், சுருட்டிய தாள். தாளில் ஒரு எழுத்தும் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் கடலைமிட்டாய் சுற்றிவந்த ஒரு காகிதம் கிடந்தது. மிட்டாயை எறும்பு முழுக்கத் தின்றிருந்தது. செத்த எறும்புகளின் தூள் மட்டும் மிச்சம்.

"திங்கிற சாமான் வைக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு" என்றாள் மதினி. "எனக்கு அதச் சொல்லிக்குடுத்ததே அப்பாதான்."

அம்மா அந்தக் காகிதத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள். கேரியரோடு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் கடலைமிட்டாய் வாங்கி வருவாளாம். அதைச் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னையக் கூப்புட்டான். நான் வரலையே" என்றாள்.

வாட்ச்மேன் கருவியைச் சத்தமில்லாமல் என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

மதினி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இவ்வளவு தூரத்துல ஏன் வச்சீங்க, ஆரு தேடி வருவாங்கன்னு அப்பாக்கிட்டக் கேட்டேன். வரவுங்க வருவாங்கன்னாங்க" என்றாள். பிறகு, "நாம வந்துட்டம்ல அத்தை" என்றாள்.

அம்மா அவள் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "நீ வாயத் தொறந்தா அவன் பேசுறான் ஆத்தா. நான் எங்கிட்டுப் போவேன்?"

அப்போதுதான் மதினி அழுதாள். வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்ததை ஒரேயடியாக அழுத மாதிரி, வாயைத் திறந்து, சின்னப் பிள்ளைபோல அழுதாள். அம்மா அவளைச் சமாதானப்படுத்தவில்லை. தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, பேசு ஆத்தா, எதையாவது பேசு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை வந்தது. அம்மா டப்பாவை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பூஜை அலமாரியில் வைக்க வேண்டும் என்றாள். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முடியாது என்றாள். எடுத்த இடத்தில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும் என்றாள். செத்தவருக்கு என்ன கோபம் என்று அம்மா கேட்கவில்லை. சிறிது நேரம் டப்பாவைக் கட்டிப்பிடித்தபடி இருந்துவிட்டுக் கொடுத்துவிட்டாள். கண்டுபிடித்தவர் பேரெழுத வேண்டும் என்று மதினி தாளையும் பென்சிலையும் அவளிடமே நீட்டினாள். "நீங்கதான் மொதோ ஆளு அத்தை." அம்மா பெரிய எழுத்தில் அக்கா என்று எழுதினாள். கடலைமிட்டாய்க் காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பதிலுக்கு ஏதாவது போட வேண்டுமே. வந்த அவசரத்தில் கையில் எதுவும் இல்லை. தாலிச் சங்கிலியில் கோத்து வைத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி உள்ளே போட்டாள்.

மதினி அந்த வாரம் சென்னைக்குப் போனாள். அதன் பிறகு அவள் இந்த ஊருக்கு வரவே இல்லை. படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை என்று அவளுக்கும் அங்கே வாழ்க்கை ஓடிவிட்டது. போனில் பேசினாள், மின்னஞ்சல் எழுதினாள், அப்புறம் அதுவும் குறைந்தது. அம்மாவிடம் மட்டும் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தாள். இருவரும் என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் பேச்சு நடந்துகொண்டே இருக்க, அம்மா பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

அம்மா தோன்றுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்குப் போய்வந்தாள். கல்லை உருவ மாட்டாளாம். படியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடுவாளாம். கஜா புயலில் தூங்குமூஞ்சி மரம் கூண்டின் மேல் சாய்ந்தது. இரண்டையும் அப்புறப்படுத்தி, அந்த இடத்தில் இப்போது உடற்பயிற்சிக் கம்பிகள் நட்டிருக்கிறார்கள். டப்பா இடிபாட்டோடு எந்த லாரியில் ஏறிப்போனதோ தெரியாது. நான் போய் விசாரித்தேன். அம்மா, விடு என்று சொல்லிவிட்டாள். அம்மாவும் போய் இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. செய்தி சொல்ல நான் போன் செய்தபோது மதினி, "இனிமே நான் ஆருகிட்டத் தமிழ் பேசுவேன்?" என்று கேட்டாள். என்னிடம் பேசு என்று சொன்னேன். பேசுகிறோம். ஆனால் எனக்கு டவுன் பேச்சுத்தான் வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீடு திரும்பியதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு கேட்காது. வெயில் தணிந்திருந்தது. கடைகள் அடைத்துக் கிடந்ததால் ராஜவீதி ஆளில்லாமல் இருந்தது. நம் ஊர்த் தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேரானவை. முன்னால் போகிறவர்கள் கண்ணைவிட்டு மறைய வெகுநேரம் ஆகும். ரோட்டைக் கடப்பதற்காக அம்மா மதினியின் கையைப் பிடித்தாள். கடந்த பிறகும் விடவில்லை. இருவரும் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். முதுகு வலிக்க நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். நான் வருகிறேனா என்று இருவரும் திரும்பிப் பார்க்கவே இல்லை. எனக்குக் கொஞ்சம் ரோஷம். அதனால் நடையை எட்டிப் போடாமல் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.

ஓடியிருந்தால் எட்டிப் பிடித்திருக்கலாம். அம்மாவின் இன்னொரு கை சும்மாதான் இருந்தது.